கைகளை எங்கே வைப்பது?

சென்ற மார்கழியில் என் பழைய மாணவன் ஒருவன் கொழும்பிலிருந்து திரும்பி வந்தான். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவன், கணக்கில் கெட்டிக்காரன், சிங்களமும் சரளமாகப் பேசுவான். கொழும்பில் ஒரு பெரிய வியாபார நிலையத்தில் விற்பனைப் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமன் மகனிடம் இரவல் வாங்கிய சப்பாத்துடன் நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தான். நல்லதண்ணிச் சந்தியில் பஸ்ஸைவிட்டு இறங்கியவன், லயத்துக்குப் போகாமல் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது.

"அதிகமா ஒண்ணும் கேக்கல சேர். பேரு, ஊரு, பாஸ் பண்ணின பாடம், அவ்வளவுதான். கடைசியில ஒருத்தர் சொன்னாரு, படிப்பெல்லாம் சரி, ஆனா ஒன்னப் பாத்தா நாலு பேர் முன்னாடி நின்னு சாமான் விக்கிற ஆளு மாதிரி தெரியலன்னு."

"எப்பிடி நின்ன? இங்க நின்னு காட்டு."

அவன் நின்று காட்டினான். இரண்டு கைகளையும் மார்பின்மேல் கட்டியிருந்தான். தோள்கள் உள்ளொடுங்கியிருந்தன. பார்வை என் முகத்தில் இல்லை. மேசையின் காலில் இருந்தது. நான் சிறிது நேரம் பேசாதிருந்தேன். ஏனெனில் அந்த நிலை எனக்குப் புதியதன்று. பதினொரு ஆண்டுகள் அவன் என் முன்னால் அப்படித்தான் நின்றான். அப்படி நிற்க மறந்த நாட்களில், "கையைக் கட்டு!" என்று பிரம்பை மேசையில் தட்டியவன் நான்.

அவனைத் தோற்கச் செய்தது எது என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணத்தின் தொடர்ச்சியே இக்கட்டுரை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஹட்டனில் வேலை தேடும் இளைஞர்களுக்கென்று அரைநாள் வகுப்பொன்று நடந்தது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். விஷயம் 'உடல்மொழி'. பயிற்சி அளிக்க வந்தவர் நல்ல மனம் படைத்த இளைஞர்; பிள்ளைகளை ஏளனம் செய்யவில்லை. நிமிர்ந்து நில்லுங்கள், எதிரே இருப்பவரின் கண்களைப் பாருங்கள், கையைக் கட்டாதீர்கள், அளவாகப் புன்னகை செய்யுங்கள் என்றார். பிறகு பலகையில் மூன்று இலக்கங்களை எழுதினார். ஒருவர் தெரிவிக்கும் செய்தியில் சொற்களின் பங்கு நூற்றுக்கு 7, குரலின் பங்கு 38, உடலின் பங்கு 55. பிள்ளைகள் பயபக்தியுடன் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

இவ்விலக்கங்கள் உலகெங்கும் இத்தகைய வகுப்புகளில் ஓதப்படுகின்றன. இவை அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரு ஆய்வுகளிலிருந்து பிறந்தவை. அவர் செய்தது மிகச் சிறிய காரியம். ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் ஒலிக்கச் செய்தும், முகங்களின் படங்களைக் காட்டியும், சொல்பவர் விருப்புடன் சொல்கிறாரா வெறுப்புடன் சொல்கிறாரா என்று கேட்டார். சொல்லும் முகமும் முரண்படுகையில் மனிதர் எதை நம்புகிறார்கள் என்பதே கேள்வி. மனித சம்பாஷணை முழுவதற்கும் இது பொருந்தாது என்று அவரே பின்னர் எச்சரித்திருக்கிறார். ஆனால் எச்சரிக்கை பலகைக்கு வருவதில்லை. இலக்கங்கள் மட்டுமே வருகின்றன. "இன்றைக்கு உனக்குப் பேரில்லை" என்று தோட்டத்தில் ஒருவர் சொல்லும்போது சொல்லின் பங்கு நூற்றுக்கு ஏழுதானா என்று எங்கள் லயத்துப் பெண் எவளிடமாவது கேட்டுப் பாருங்கள். சொல் முழுவதும் கூலியைத்தான் வெட்டியது.

இன்னொன்றும் அவர் சொன்னார். இரண்டு நிமிடம் காலை அகற்றி, கையை இடுப்பில் ஊன்றி நின்றால் உடலில் சுரக்கும் இரசாயனங்களே மாறித் தைரியம் பிறக்கும் என்றார். அதுவும் 2010இல் அமெரிக்காவில் 42 பேரை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்றின் கதை. 2015இல் 200 பேரை வைத்து மறுபடி செய்தபோது, நின்றவர்கள் தங்களை வலியவர்களாக உணர்ந்ததாகச் சொன்னார்களே தவிர, இரசாயன மாற்றம் எதுவும் தென்படவில்லை. முதல் ஆய்வை எழுதிய மூவரில் ஒருவர் 2016இல் அந்த முடிவைத் தாம் நம்பவில்லை என்று பகிரங்கமாகவே அறிவித்தார். நான் இதைச் சொல்வது அந்த இளைஞரைக் குறை கூறுவதற்கல்ல. நிமிர்ந்து நிற்பது நல்லதுதான். ஆனால் ஒருவன் ஏன் குனிந்து நிற்கிறான் என்ற கேள்வி அந்த வகுப்பில் எழவே இல்லை. குனிவு ஏதோ அவனுடைய சுபாவக் கோளாறு போலவும், அரைநாளில் மருந்து கொடுத்துத் தீர்த்துவிடலாம் போலவும் பேசப்பட்டது. அதுதான் என்னை உறுத்தியது.

என் தாயாரிடம் இதைச் சொன்னேன். அம்மா 1964இல், பதினான்கு வயதில் கூடை எடுத்தவர். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். தலையில் இன்றைக்கும் கூடைக்கயிறு அழுந்திய தடம் இருக்கிறது. கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டுவதில்லை. கயிற்றைத் தலையிலே கொடுத்து முதுகில் தொங்கவிடுவார்கள். கூடை நிறைய நிறையக் கழுத்து முன்னே வளையும். வேலையே கழுத்தை வளைக்கிறது. நிமிரும் நேரத்தில் துரை வந்துவிடுகிறார்.

"அந்தக் காலத்துல தொர மொகத்தப் பாக்கணும்ன்னே இல்ல தம்பி. மோட்டார் சைக்கிள நிப்பாட்டுற சத்தத்திலேயே தெரிஞ்சுபோகும். நாயி முன்னுக்கு ஓடியாந்தா பயமில்ல. நாயி அவரு காலுக்குப் பின்னால பம்மிக்கிட்டு வந்தா, அன்னிக்கு யாருக்கோ அரப்பேருதான்."

தோட்டத்து வழக்கு அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல்: காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அன்றைய வேலைக்குப் பெயர் பதிந்தால் ஒரு பேர். குறை கண்டு பாதிநாள் கூலியை மறுத்தால் அது அரைப்பேர். மனிதனின் நாளைப் 'பேர்' என்ற சொல்லால் அளந்த இடம் இது.

கைத்தடி அக்குளில் இருந்தால் எப்படி, அதனால் சப்பாத்தைத் தட்டிக்கொண்டு வந்தால் எப்படி, தொப்பியைப் பின்னே தள்ளினால் எப்படி என்று அம்மா அரைமணி நேரம் சொன்னார். ஹட்டன் வகுப்பில் கற்பித்தவற்றைவிட நுட்பமான சாஸ்திரம் அது. கேட்கக் கேட்க எனக்குத் திருக்குறள் நினைவுக்கு வந்தது. பொருட்பாலில் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்றோர் அதிகாரம்; அடுத்தது 'குறிப்பறிதல்'. அரசன் அவையில் பிறர் காதில் இரகசியம் சொல்லாதே, ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்காதே, அவன் முகத்தைப் பார்த்தே மனத்தை அறிந்துகொள் என்றெல்லாம் அமைச்சருக்கு வள்ளுவர் புத்தி சொல்கிறார். உத்தியோக இடத்தில் உடலை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்குத் தமிழில் இதைவிடப் பழைய பாடம் எனக்குத் தெரியவில்லை. குறிப்பறியும் கடமை அங்கே கீழே இருப்பவனுக்குத்தான். காமத்துப்பாலிலும் 'குறிப்பறிதல்' என்ற அதே பெயரில் ஓர் அதிகாரம் உண்டு. அங்கே இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அரண்மனையிலோ ஒரு பக்கம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தோட்டத்திலும் அப்படியே. நாய் எப்படி வருகிறது என்று ஐம்பது பெண்கள் பார்த்தார்கள். அந்த ஐம்பது பெண்களின் முகத்தில் என்ன இருந்தது என்று துரை பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வெள்ளைத் துரைமார் தமிழ் கற்பதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு சிறு கைந்நூல் அச்சாயிற்று. புதிதாக வரும் சின்னத்துரையின் சட்டைப்பைக்கென்றே அமைந்த நூல். அதன் பெயர் 'இங்கே வா'. ஆங்கில எழுத்தில், தமிழ்ச் சொல்லாகவே அப்பெயரை இட்டிருந்தார்கள். பின்னர் வந்த மற்றொரு நூலுக்குக் 'கூலித் தமிழ்' என்றே பெயர். ஒரு மொழியின் வாசற்படியிலேயே 'இங்கே வா' என்று எழுதிவைத்தால், அழைக்கப்படுபவன் என்ன மறுமொழி சொல்ல முடியும்? வரலாம், வந்து நிற்கலாம். அவனுடைய மறுமொழி முழுவதும் உடம்பாலேயே நிகழவேண்டியிருந்தது. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்குவது, துரை எதிர்ப்பட்டால் பாதையைவிட்டுக் கானுக்குள் இறங்குவது, குடையை மடக்குவது, "சலாமுங்க" என்று கையை நெற்றிக்குக் கொண்டுபோவது: இவையெல்லாம் எங்கள் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த பழக்கங்கள் மட்டுமல்ல. சாதியின் கிராமத்திலிருந்து கொண்டுவந்த குனிவு ஒன்று இருந்தது உண்மையே, அதை மறைப்பதற்கில்லை. தோட்டம் அதை இரத்துச் செய்யாமல் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது.

குடையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அந்தச் செய்தி மலைமலையாகப் பரவிற்று. அம்மாவின் தகப்பனார் அப்போது வேறொரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு தென்மேல் பருவமழையில் ஒருநாள், துரை எதிரே வர, தாத்தா குடையை மடக்கவில்லை. கானுக்குள் இறங்கவும் இல்லை. ஓரமாக ஒதுங்கி நின்றார், அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு சொல் பேசவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். குடும்பம் சட்டிபானையுடன் நல்லதண்ணிக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். "ஒரு கொடையால குடி போச்சு" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். தாத்தா அதற்கும் பதில் சொல்வதில்லையாம்.

துரைமார் இத்தகைய குறிப்புகளை நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்றே உண்டு. 1936இல் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் மடுல்கெலையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்திற்குத் தோட்டத்தொழில் பழக வந்தார். தொழிலாளரின் நிலையைக் கண்டு மனம் பொறாமல் அவர்கள் பக்கம் சேர்ந்தார், வேலை போயிற்று, சமசமாஜக் கட்சியில் இணைந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவர் பேசினார். அதுபற்றித் தோட்டத்துரைமார் தரப்பு எழுதிய அறிக்கை, அவர் என்ன பேசினார் என்பதோடு நிற்கவில்லை. பேசிய தோரணை, முகத்தோற்றம், நின்ற நிலை எல்லாமே அச்சுறுத்துவனவாய் இருந்தன என்று குறிப்பிட்டது. வெள்ளைக்காரன் ஒருவன் கூலிகளின் மேடையில் அவர்களோடு நின்ற நிலையே குற்றமாயிற்று. அவரை நாடுகடத்த ஆளுநர் பிறப்பித்த உத்தரவை உச்சநீதிமன்றம் அடுத்த மாதம் தள்ளிவிட்டது தனிக் கதை. அதே அறிக்கையில் மற்றொரு விவரமும் இருக்கிறது. அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியத்திற்கும் தொழிலாளர் "சாமி, சாமி" என்று குரல் கொடுத்தார்களாம். எஜமானர்களைத் தாக்கிப் பேசிய தோழனைக்கூட எஜமானனை அழைக்கும் சொல்லால்தான் அவர்களால் அழைக்க முடிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பதா வருந்துவதா என்று எனக்குத் தெரிவதில்லை.

1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. வாக்கில்லாதவனின் முகத்தை எந்த அரசியல்வாதி பார்க்கப்போகிறான்? 1964இல் இரண்டு அரசாங்கங்கள் ஐந்தே கால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று எங்களைப் பங்கிட்டுக்கொண்டன. அம்மா கூடை எடுத்த ஆண்டு அதுவே. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரை போனார். துரை என்ற சொல் போகவில்லை. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் வந்தது. அப்போதும் அச்சொல் அங்கேயே இருந்தது. ஆள் மாறினாலும் நாற்காலியும் அதன் முன்னே நிற்கும் விதமும் மாறவில்லை.

நாற்காலி என்றதும் நினைவுக்கு வருகிறது. தோட்ட ஆபீசில் குறை சொல்லப் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் சங்கத்தின் தலைவர் ஒருவரை முதன்முதலாக உள்ளே அழைத்து நாற்காலி கொடுத்தபோது, அதைப் பற்றி லயங்களில் ஒரு வாரம் பேசினார்களாம். சம்பளம் கூடியதா குறைந்ததா என்பது யாருக்கும் நினைவில்லை. "ஒக்காரச் சொன்னாங்களாமே" என்பதுதான் நினைவிருக்கிறது. அவர் நாற்காலியின் நுனியில் இருந்தாராம். பின்னால் வந்த தலைவர்கள் சிலர் நன்றாகச் சாய்ந்திருக்கப் பழகினார்கள். தம்மிடம் வரும் தொழிலாளியை நிறுத்தியே வைத்துப் பேசவும் பழகினார்கள். நம்மவர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆனால் எங்கள் பெண்கள் குனிந்துகொண்டு மட்டுமே காலம் கழித்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மேலிருந்து திணிக்கப்பட்ட உடல்மொழி ஒன்று இருந்ததைப் போலவே, அதற்கடியில் அவர்களாக உண்டாக்கிய உடல்மொழியும் இருந்தது. கணக்கப்பிள்ளை வரும் திசையை, மேல் நிரையில் இருப்பவள் மட்டக்கம்பால் கூடை விளிம்பைத் தட்டி அறிவிப்பாள். பேசவேண்டியதில்லை. அடுத்த நிரை, அதற்கடுத்த நிரை என்று மலை முழுவதும் செய்தி இறங்கிவிடும்.

இவற்றுள் அம்மா சொன்ன ஒன்றை நான் மறப்பதற்கில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடந்தது. கூடைக்கு இவ்வளவு, மழையீரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். அந்தக் கழிவு எப்போதும் முழு இலக்கமாகவே இருக்கும். எப்போதும் எழுதுகிறவனுக்குச் சாதகமாகவே இருக்கும். கேட்டால் வாய்க்காரி என்ற பெயர் வரும். நாளைக்குச் செங்குத்தான மலையில் நிரை கிடைக்கும். ஆகவே எல்லோரும் கூடையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தலையைக் குனிந்து நிற்பார்கள். ஒருநாள் அம்மா குனியவில்லை. தராசின் முள்ளைப் பார்த்தார்.

"என்னா பாக்குற?" என்று கணக்கப்பிள்ளை கேட்டானாம்.

அம்மா பதில் சொல்லவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் பார்த்தார். மூன்றாம் நாள் அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் பார்த்தார்கள். அந்த வாரக் கடைசியில் கழிவு ஒரு ராத்தல் குறைந்திருந்தது.

"எவ்வளவு காட்டிச்சு முள்ளு?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்தார். "எனக்கு எங்க தம்பி நம்பரு தெரியும்? ஆனா அது அவனுக்குத் தெரியாதே."

பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள், அதிக நேரம் மலையில் நின்று குறைந்த கூலி வாங்கிய பெண்கள் செய்த காரியம் இது. ஹட்டன் வகுப்பில் கண்ணைப் பார் என்று சொன்னார்கள். அம்மா பார்த்தது கண்ணையல்ல, முள்ளை. எஜமானனின் மனத்தைக் குளிரவைக்கும் பார்வை வேறு. கணக்கைச் சரிபார்க்கும் பார்வை வேறு. உத்தியோகச் சந்தையில் முதலாவதைக் கற்பிக்க ஆளிருக்கிறது. ஆர்லி ஹொக்ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1983இல் எழுதிய நூலில், விமானப் பணிப்பெண்களின் புன்னகையும் சம்பளத்துக்கு விற்கப்படும் உழைப்பே என்று விளக்கினார். துணிக்கடையில் நிற்கப்போகும் என் மாணவனிடமும் அதைத்தான் கேட்டார்கள். தகப்பனிடம் குனிவை வாங்கியவர்கள் மகனிடம் நிமிர்வை வாங்க வருகிறார்கள். இரண்டும் கட்டளைதான் என்று சொல்லிவிட்டு நான் கைகழுவிவிடலாம். ஆனால் அவனுக்கு வேலை வேண்டும்; தம்பியும் தங்கையும் இருக்கிறார்கள். தத்துவம் பேசிக்கொண்டு அவனைக் கைகட்டி நிற்க விட முடியாது.

இதற்கிடையில் நான் கண்ட காட்சியொன்று என் எண்ணத்தைத் தலைகீழாக்கிற்று. மார்கழிப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலைக்கு யாத்திரைப் பருவம் தொடங்கிவிடும். வைகாசி வரை நல்லதண்ணியில் இரவு பகல் கிடையாது. பாதையின் இருபுறமும் கம்பளித் தொப்பி, தொதல், மஸ்கற், மின்பொறி விளக்கு என்று கடைகள் முளைத்துவிடும். தை மாதத்தில் ஒருநாள் பின்னிரவில், வந்திருந்த உறவினர்களை மலைக்கு வழியனுப்பிவிட்டுத் திரும்புகையில் ஒரு கடையில் பெருஞ்சிரிப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் மாணவன்! ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையில் நாலு தொப்பிகளை விசிறிபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு, குருநாகல் பக்கத்து யாத்திரிகக் கூட்டமொன்றைச் சிங்களத்தில் மடக்கிக்கொண்டிருந்தான். கிழவியை "அம்மே" என்கிறான். இளைஞனை "மல்லி" என்கிறான். விலை குறைக்கக் கேட்டவரின் கண்ணை நேரே பார்த்து, மலையுச்சியின் குளிரை உடம்பை உதறி நடித்துக் காட்டுகிறான். ஐந்து நிமிடத்தில் ஆறு தொப்பிகள் போயின.

இவனைத்தான் நாலு பேர் முன்னால் நிற்கத் தெரியாதவன் என்றார்கள்! என்னைக் கண்டான். அந்தக் கணமே தொப்பிகள் கீழே போயின. கைகள் மார்புக்கு வந்தன. பார்வை தரைக்குப் போயிற்று. "சேர்" என்றான்.

அவனுக்குத் தைரியம் இல்லாமலில்லை. எங்கே அதை வெளியே காட்டலாம், எங்கே காட்டினால் ஆபத்து என்று அவன் உடம்பு நன்றாகக் கற்றிருந்தது. ஆபத்தான இடங்களின் வரிசையில் ஆபீஸ் இருந்தது; கொழும்பில் அந்த அறை இருந்தது; நானும் இருந்தேன்.

மறுநாள் வகுப்பில், "இனி யாரும் கை கட்ட வேண்டாம். சும்மா தொங்கவிடுங்கள்" என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கைகளுக்குப் போக இடம் தெரியவில்லை. சிலருடைய கைகள் முதுகுக்குப் பின்னால் போயின; சிறுமிகள் பாவாடைத் துணியைப் பற்றிக்கொண்டார்கள்; ஒருவன் தன் கையையே அந்நியப் பொருள்போல் பார்த்தான். பத்து நிமிடத்தில் பாதிப்பேர் கட்டிக்கொண்டார்கள். சக ஆசிரியர் ஒருவர் ஒழுக்கம் கெடும் என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் பெற்றார் ஒருவர் வந்து சொன்னதற்குப் பதில் இல்லை.

"சேர் சொல்றது நல்லதுதாங்க. ஆனா தோட்டத்துல கை கட்டாம நின்னா திமிருன்னு சொல்லுவாங்க. எம் புள்ள நாளைக்கு அங்கதானே வேலைக்குப் போகணும்?"

அவர் இதைக் கை கட்டிக்கொண்டுதான் சொன்னார். குடையை மடக்காத தாத்தாவின் பேரன், கூலிக் கணக்கில்லாத மாதச் சம்பளக்காரன், அவருக்கு என்ன சொல்வேன்? "நீங்கள் உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

பங்குனியில் என் மாணவனுக்குக் கண்டியில் இன்னோர் இடத்திலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. முதல் நாள் மாலை எங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அதிகாரியாக நான் அமர்ந்தேன். பயனில்லை, என்னைக் கண்டதும் அவன் கை தானாக ஏறியது. அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நீ எந்திரி தம்பி" என்று என்னை எழுப்பிவிட்டுத் தாமே நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்தவர் என் அம்மாவாக இருக்கவில்லை. ஒரு கால் மற்றதன்மேல் ஏறிற்று. மோவாய் உயர்ந்தது. ஒரு கண் சற்றே சுருங்கியது. மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து உள்ளங்கையில் மெல்லத் தட்டினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் போய்விட்ட துரை ஒருவர், கண்டாங்கிச் சேலையில் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தார். எழுத்தறியாத என் தாய் அத்தனையையும் பார்த்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

"இங்கே வா" என்றார் துரை.

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கைகள் அவிழ்ந்துவிட்டன. "ஆத்தா, கண்டியில 'வாங்க'ன்னு சொல்லுவாங்க" என்றான்.

"சொல்லாட்டி?"

அவன் கொஞ்சம் யோசித்தான். கைகள் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன; அவன் அதைக் கவனிக்கவில்லை. "சொல்லாட்டி நான் 'குட் மோர்னிங்'னு சொல்லிட்டு ஒக்காந்துக்கிறேன்" என்றான். அம்மா அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, தேத்தண்ணி ஆறிப்போகிறது என்று அடுப்படிக்குள் போனார்.